கோமாரிக் கூட்டாளியின் வருத்தம்

நிந்தவூர்
2024 ஜனவரி 20

அன்பு மருமகள் றுஸ்தாவுக்கு, மாமா ஸைனுலாப்தீன் எழுதுறது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்ட காவலில நானும் மாமியும் மகள் அப்ராவும் நல்ல சுகம். அந்த ஸ்கொட்லாந்துக் குளிரில நீ எப்பிடி இரிக்காய்? காதை மூடிக்கொண்டு திரி. காதுக்குள்ளால ஏறுற குளிர்தான் ஆளை விழுத்தும். இதை உங்கட பல்கலைக்கழகத்தில சொல்லித் தந்திரிக்க மாட்டாங்க.

போன் இரிக்கக்க என்னத்துக்குக் கடிதம் எண்டு யோசிப்பாய். போன் மாமிட கையில. நான் ஹலோ எண்டா அடுப்படியிலிருந்து "ஆரு அது?" எண்டு ஒரு சத்தம். வட்ஸப்பில எழுதினா அப்ரா வீடு கேக்க வாசிப்பாள். நான் வட்டவிதானை. கமக்காரர் எல்லாரும் கூடி என்னைத்தான் தெரிஞ்செடுத்தாங்க. ஆயிரம் ஏக்கருக்குத் தண்ணி பிரிச்சு விடுற மனிசனுக்கு, வீட்டுக்குள்ள சொந்தமா ஒரு கதை கதைக்க ஏலாது.

போன மழைக்கு எங்கட வாய்க்கால் உடைக்கப் பாத்திச்சு. நான் ஒருத்தன் நெஞ்சைக் கொடுத்து நிண்டன். மண்மூட்டை போட்டது வேற ஆக்கள்தான், அதை விடு. நீர்ப்பாசன எஞ்சினியர் வந்து பாத்துப்போட்டு, "விதானையார், நீங்க படிச்சிருந்தா என்ட கதிரையில இருந்திருப்பீங்க" எண்டார். வெள்ளாமை இப்ப கதிர் தள்ளி நிக்கிது. நிந்தவூரில இப்பிடி ஒரு விளைச்சலை ஆரும் கண்டதில்ல.

உன்ட கதையும் ஊரெல்லாம் பரவிட்டு. றஸ்மிட பாமசியில வைச்சுச் சொன்னன், என்ட தங்கச்சிட மகள் குடல் புத்துநோய்க்கு மருந்து கண்டுபிடிச்சிட்டாள், வெள்ளைக்காரன் மெடல் குத்தப்போறான் எண்டு. நிண்டவங்க எல்லாம் வாயைப் பிளந்தாங்க.

மறுகா இன்னொரு சின்ன விசயம். கோமாரியில எனக்கு ஒரு கூட்டாளி, பேர் அப்துல் ஹமீட். ஆள் மலை மாதிரி. தோணியைத் தனியத் தூக்கிக் கரையில வைப்பார். அவருக்குக் கொஞ்சக் காலமா வெளிக்குப் போகக்க ரத்தம் படுது. மூலமாத்தான் இரிக்கும். பரிகாரி எண்ணெய் கொடுத்திரிக்கார். ஆனாலும் உன்ட படிப்பு என்ன சொல்லுது எண்டு கேக்கச் சொன்னார். வெக்கக்காரன். மாமிக்குத் தெரிய வேண்டாம்.

உனக்காகக் கையேந்திக்கொண்டு,
மாமா

அபர்டீன்
2024 பெப்ரவரி 11

அன்புள்ள மாமாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். உங்கள் கடிதத்தைப் பஸ்ஸில் இருந்து வாசித்துச் சிரித்ததில் பக்கத்தில் இருந்த கிழவி இடம் மாறிவிட்டா. நான் நல்ல சுகம். காதை மூடித்தான் திரிகிறேன். மாமிக்கும் அப்ராவுக்கும் என் ஸலாம்.

மாமா, நான் மருந்து ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. மெடலும் இல்லை. தயவுசெய்து றஸ்மி காக்காவிடம் போய்ச் சொல்லிவிடுங்கள். நான் செய்கிற வேலை சின்னது. ஒப்பரேசனில் வெட்டி எடுத்த குடல் கட்டியை மெல்லிசாகச் சீவிக் கண்ணாடித் துண்டில் ஒட்டித் தருவார்கள். அதில் ஒரு நொதியம் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கிறேன். சாயம் போட்டால் நொதியம் இருக்கிற இடம் தேத்தண்ணிக் கறை மாதிரித் தெரியும்.

உடம்பில் ஒரு காயம் வந்தால் அந்த இடம் சிவந்து வீங்கும்தானே. அதை அழற்சி என்போம். அந்த வேலைக்கு வருகிற நொதியங்களில் ஒன்றின் பேர் கொக்ஸ்-2. காயம் ஆறினதும் அது போய்விட வேண்டும். சில பேரின் பெருங்குடலில் அது போவதில்லை. இருந்துகொண்டு புது ரத்தக் குழாய்களை வரவழைக்கும். சாக வேண்டிய கலங்களைச் சாகவிடாது. அப்படி இருக்கிற இடத்தில் கட்டி வளரச் சுகம். கட்டியில் அது கூடுதலாக உள்ளவர்கள் குறைந்த காலம்தான் உயிரோடு இருக்கிறார்களா என்பதுதான் எங்கள் கேள்வி. சில ஆராய்ச்சி ஓம் என்கிறது, சிலது இல்லை என்கிறது. அஸ்பிரின் இந்த நொதியத்தை அடக்கும் என்பதால் அதை வைத்தும் பல நாட்டில் பார்க்கிறார்கள்.

உங்கள் கூட்டாளிக்கு என்ன வயது? மெலிந்திருக்கிறாரா? குடும்பத்தில் வேறு யாருக்கும் இது வந்ததா? எண்ணெய் போதாது. ஆஸ்பத்திரிக்குப் போய்க் குடலுக்குள் கமரா விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், இந்த மாதமே.

உம்மாவும் மூலம் என்றுதான் சொல்லிக்கொண்டு இருந்தா, மாமா.

உங்கள் மறுமொழியைப் பார்த்திருக்கிறேன்.
றுஸ்தா

நிந்தவூர்
2024 மார்ச் 18

அன்பு மருமகளுக்கு மாமாட ஸலாம். நோன்பு நல்லாப் போகுது. மாமிட கஞ்சிக்கு ஊரில ஈடு இல்ல. நீ அங்க எத்தின மணிக்கு நோன்பு திறக்காய்? தனிய இரிந்து வெறும் ரொட்டியைக் கடிக்காத.

உன்ட நொதியம் எனக்கு விளங்கிட்டு. உன்னை விட நல்லா விளங்கிட்டு. வெள்ளாமைக்குக் காட்டுப் பண்டி வராமக் காவலுக்கு ஒருத்தனை வாடிக் கொட்டிலில போடுறம். அறுவடை முடிஞ்சா அவன் போகணும். இவன் போகல்ல. வாடியிலயே இரிந்து சமைக்கான், சொந்தக்காரரைக் கூப்பிடுறான், வாய்க்காலை வெட்டித் தன்ட பக்கம் தண்ணி எடுக்கான், களை பத்தையை வெட்ட வாறவனையும் விரட்டுறான். அதுதான் உன்ட நொதியம். தராவீஹ் தொழுகை முடியப் பள்ளி வாசலில இதை நான் சொல்லக்க, ஓய்வு எடுத்த சயன்ஸ் மாஸ்டர் ஒருத்தர், "விதானையார், இப்பிடி எனக்கு ஆரும் படிப்பிக்கல்லயே" எண்டு என்ட கையைப் பிடிச்சிட்டார். உண்மையா அவர் நேரம்தான் கேட்டவர், ஆனா முகத்தில அந்த எண்ணம் தெரிஞ்சுது.

ஹமீட்ட கதைக்கு வாறன். வயது என்ட வயதுதான். கொஞ்சம் மெலிவு, அது நோன்பால. குடும்பத்தில ஒரு தங்கச்சிக்கு வந்ததாம். ஆஸ்பத்திரிக்கு இப்ப அவரால போக ஏலாது. ஏன் எண்டா அவருக்கும் நம்மளைப் போல ஒரு மகள், ஒக்டோபரில நிக்காஹ், அவருக்கும் ஒரு வீட்டு வேலை. எனக்கே ஆச்சரியமாப் போச்சு. நம்மட வழக்கம்தானே, வீடு மகளுக்கு, மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வருவார், தாய் தகப்பன் பின்னறைக்கு ஒதுங்குறது. மாபிள் பதிக்கிற வேலை பாதியில நிக்கிது. இந்த நேரம் புத்து எண்டு ஒரு சொல் வெளியில போனா, மாப்பிள்ளை வீட்டார் ரத்தத்தில ஓடுற வருத்தம் எண்டு விலகிடுவாங்க. ஊருக்கே சஹன் தட்டு வைச்சுச் சோறு போடுறதெண்டு நிக்கிற மனிசன் அவர்.

நீ யோசிக்காத. அஸ்பிரின் அந்த நொதியத்தை அடக்கும் எண்டு நீதானே எழுதினாய். ஹமீட் விடிய முதல் ஸஹருக்கு ரெண்டு குளிசை, நோன்பு திறந்து ரெண்டு குளிசை போடுறார். காவல்காரன்ட சோத்தை நிப்பாட்டியாச்சு. உன்ட அறிவும் என்ட மூளையும் சேந்தா எந்த வருத்தம்தான் நிக்கும்?

நோன்பாளியா உனக்கு துஆ கேக்கும்,
மாமா

அபர்டீன்
2024 ஏப்ரல் 2

மாமா, ஸலாம். உடனே எழுதுகிறேன். மூன்று தரம் போன் எடுத்தேன். "சுகம், சுகம்" என்றுவிட்டு மாமியிடம் கொடுத்துவிட்டீர்கள். மாமி பக்கத்தில் நிற்க எனக்கு என்ன கேட்க ஏலும்? அதனால் கீழே இருப்பதை உங்கள் கூட்டாளியிடம் அப்படியே வாசித்துக் காட்டுங்கள்.

மதிப்புக்குரிய அப்துல் ஹமீட் மாமாவுக்கு, உங்களை நான் கண்டதில்லை. இருந்தாலும் உங்களில் எனக்குச் சரியான அன்பு. அந்தக் குளிசையை இன்றைக்கே நிப்பாட்டுங்கள். ஏற்கெனவே ரத்தம் போகிற ஆளுக்கு அஸ்பிரின் ரத்தத்தை இன்னும் கூட்டும். வெறும் வயிற்றில் குடலையும் அரிக்கும். இருக்கிற கட்டியை அது கரைக்காது. அந்த ஒரு வரியை நான் எழுதியிருக்கக் கூடாது. அது என் பிழை, உங்களுடையது இல்லை.

என் உம்மா தன் வருத்தத்தை வீட்டில் மறைத்தா. நான் அப்போது ஓ லெவல் எடுக்க இருந்தேன். பரீட்சை முடியட்டும் என்று பொறுத்தா. பரீட்சை முடிந்தது, எனக்கு நல்ல பெறுபேறு வந்தது. அவவைக் கொழும்புக்குக் கொண்டுபோனபோது டொக்டர்மார் எங்களிடம் அதிகம் கதைக்கவில்லை.

மாபிள் பதிக்க ஊரில் ஆட்கள் இருக்கிறார்கள், மாமா.

பெருநாள் வாழ்த்துக்களோடு,
றுஸ்தா

அபர்டீன்
2024 மே 26

அன்புள்ள மாமாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

பெருநாள் போய்ப் பல கிழமை ஆகிவிட்டது. உங்கள் மறுமொழி இல்லை. போன் எடுத்தால் வயலில் என்கிறா மாமி. யலப்போகத்துக்கு விதைத்தாச்சா? வாய்க்காலில் தண்ணி காணுமா?

அப்ரா புது வீட்டின் படங்களை அனுப்பினாள். மாபிள் வடிவாக இருக்கிறது. நான் மாபிளைப் பார்க்கவில்லை. வாசலில் நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறீர்கள். போன வருடம் நான் வாங்கித் தந்த சேட்டு, தோளில் இருந்து வழிகிறது.

உங்களுக்கு ஒரு விசயம் சொல்ல வேண்டும். இதை நான் யாருக்கும் சொல்லவில்லை.

உம்மாவுக்கு இளவயதில் வந்தபடியால் என்னையும் பார்க்க வேண்டும் என்று இங்கே உள்ள டொக்டர் சொன்னார். போன டிசம்பரில் போனேன். உள்ளே இரண்டு சின்ன முளை இருந்தது. புத்து இல்லை, விட்டிருந்தால் ஒரு காலம் ஆகியிருக்கலாம். அங்கேயே வைத்து வெட்டி எடுத்தார்கள். மயக்கம் தெளிந்ததும், கூட்டிக்கொண்டு போக வீட்டார் யார் என்று நேர்ஸ் கேட்டா. யாரும் இல்லை என்றேன். அப்படி விட மாட்டார்கள். பிறகு கூட வேலை செய்கிற ஒரு பிள்ளையைக் கூப்பிட்டேன். அவள் வரும்வரை கதிரையில் இருந்து உங்களைத்தான் நினைத்தேன். நீங்கள் வந்திருந்தால் அந்த வார்டையே சிரிக்க வைத்திருப்பீர்கள்.

ஏன் உங்களுக்குச் சொல்லவில்லை? நீங்கள் பயந்த அதே பயம்தான். ஊரில் யாருக்கும் தெரிந்தால், தாய்க்கு வந்தது மகளுக்கும் வந்திட்டு என்று சொல்வார்கள், எனக்கு மாப்பிள்ளை என்று யாரும் வீட்டுப் படி ஏறி வரமாட்டார்கள் என்று. இத்தனை படித்தும் அந்தப் பயம் போகவில்லை. இனி அதை வைத்திருக்க எனக்கு ஏலாது.

கூட்டாளியிடம் இதையும் சொல்லுங்கள். அவருக்குச் சொன்னால் எனக்கு வெட்கமில்லை.

உங்கள் கையெழுத்தைக் காண ஆசையோடு,
றுஸ்தா

நிந்தவூர்
2024 ஜூன் 14

என்ட தங்க மருமகளுக்கு, மாமாட ஸலாம். மாமியும் அப்ராவும் சுகம். என்ட சுகத்தைக் கீழ எழுதுறன்.

உன்ட கடிதத்தை வயல் வரம்பில குந்தி இரிந்து வாசிச்சன். மறுகா வாசிச்சன். வாய்க்கால் கதவைத் திறக்கச் சொல்லி ஆக்கள் கூப்பிடுறாங்க, எனக்குக் காது கேக்கல்ல. ஒரு கதிரையில தனிய இரிந்தியா புள்ள? உன்ட உம்மா மௌத்தாகக்க என்ட கையில தந்துட்டுப் போன புள்ள நீ. "வீட்டார் ஆரு?" எண்டு கேக்க ஒரு பேர் சொல்ல உனக்கு ஆள் இல்லையா? எனக்குச் சொல்லியிரிந்தா கடலால நீந்தி வந்திரிப்பன். சரி, நீந்த மாட்டன். வந்திரிப்பன்.

உன்ட ஏப்ரல் கடிதமும் கிடைச்சதுதான். மறுமொழி எழுத முகம் இல்ல. குளிசையைப் பாதிதான் நிப்பாட்டினன். போன மாசம் வயல் வட்டைக்குள்ள தலை சுத்தி விழுந்தன். ரத்தம் கூடிப் போச்சு. மாமிக்கு வெயில் எண்டு சொன்னன்.

கோமாரியில எனக்குக் கூட்டாளி எண்டு ஒருத்தரும் இல்ல. நான் கோமாரிக்குப் போயே பத்து வரிசம்.

உன்ட கடிதத்தை மடிச்சுப் பொக்கற்றுக்குள்ள வைச்சுக்கொண்டு அடுத்த நாளே தனிய பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனன். கிளினிக்கில காரைதீவுப் புள்ள ஒண்டு, டொக்டர் சிவரூபினி. பொம்புளைப் புள்ளைக்கு முன்னால இந்தக் கதையை எப்பிடிச் சொல்லுறது? "ஐயா, எத்தினை காலமா ரத்தம் போகுது?" எண்டாள். "கொஞ்சக் காலமா" எண்டன். "கொஞ்சம் எண்டா உங்கட ஊரில எவ்வளவு?" எண்டாள். நம்மட வாய்க்கு மறுவாய் அவள். ரத்தம் மட்டா இரிக்கி எண்டு ரெண்டு பைண்ட் ஏத்தினாங்க. மறுகா கமராவுக்கு நாள் தந்தாங்க. அதுக்கு முதல் நாள் ஒரு உப்புத் தண்ணியைக் குடம் கணக்கில குடிக்கத் தந்தாங்க பாரு, என்ட சீவியத்தில அவ்வளவு தண்ணியை நான் ஒரு வாய்க்காலிலயும் விட்டதில்ல.

டீவியில என்ட குடல் தெரிஞ்சுது. உள்ளுக்கு வடிவுதான், மாஷா அல்லாஹ். வளைஞ்சு வளைஞ்சு போகுது. இடப்பக்கம் ஒரு திருப்பத்தில, பூக்கோவா மாதிரி முண்டு முண்டா ஒண்டு. அவள் கமராவை அதிலயே நிப்பாட்டிப் பாத்தாள். அஸ்பிரின் கதையைச் சொன்னன். "அந்தக் குளிசையாலதான் இவ்வளவு ரத்தம். அதால நீங்க வந்தீங்க, அதாலயே செத்தும் போயிருப்பீங்க" எண்டாள். வெட்டித்தான் எடுக்கணுமாம், ஜூலைக்குள்ள.

நான் ஒக்டோபர் முடிய எண்டு சொல்லிட்டு வந்திட்டன். அப்ராட நிக்காஹில வலியா, பொண்ணுக்குப் பொறுப்பாளியா நிக்க வேண்டியது நான். வாப்பா உயிரோட இரிக்கக்க வேற ஒருத்தன் மாப்பிள்ளைட கையைப் பிடிச்சு என்ட மகளைக் கொடுக்கிறதா? மேசையில வெட்டக்க நான் போயிட்டா? மாமிக்கு ஒண்டும் தெரியாது. தெரியவும் வேண்டாம்.

இனி என்ன மறைக்கிறது எண்டு தெரியாம,
மாமா

அபர்டீன்
2024 ஜூன் 26

அன்புள்ள மாமாவுக்கு, ஸலாம்.

நீங்கள் பஸ் ஏறிப் போனதற்கு அல்ஹம்துலில்லாஹ். இந்தக் கடிதத்தை எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் மூன்று தாள் கிழித்தேன்.

ஒக்டோபர் வேண்டாம். வாடியில் இருக்கிற காவல்காரன் ஒக்டோபர் வரைக்கும் சும்மா இருக்க மாட்டான் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, அவனை எனக்கே விளங்கப்படுத்தினவர் நீங்கள். ஒப்பரேசன் மேசையில் போகிறவர்கள் சரியான குறைவு. பிந்தி வந்ததால் போகிறவர்கள்தான் கூடுதல்.

மாமிக்குச் சொல்லுங்கள். மாப்பிள்ளை பஹ்மிக்கும் நீங்களே நேரே போய்ச் சொல்லுங்கள், மற்றவர்கள் வாயால் போக முதல். சொன்னதால் உடைகிற சம்பந்தம் என்றால் உடையட்டும். ரத்தத்தில் ஓடுமா என்று கேட்டால், சில குடும்பத்தில் ஓடும், ஓடினால் முன்னுக்கே கண்டு பிடிக்கலாம் என்று சொல்லுங்கள். சாட்சிக்கு என் பேரைச் சொல்லலாம். முளை வெட்டினதையும் சொல்லலாம். நான் யோசித்துத்தான் எழுதுகிறேன்.

உங்கள் பக்கத்தில் இருக்க ஏலாத வேதனையோடு,
றுஸ்தா

நிந்தவூர்
2024 ஜூலை 20

அன்பு மருமகளுக்கு ஸலாம். போனில பாதி கேட்டிரிப்பாய். மாமி பாதியை அழுதுதான் சொன்னாள், மிச்சத்தை நான் எழுதுறன்.

மாமி வெங்காயம் வெட்டிக்கொண்டு இரிந்தாள். நல்ல நேரம் எண்டு சொன்னன், அழுதாலும் வெங்காயம் எண்டு சொல்லலாமே. அவள் கையை நிப்பாட்டல்ல. "நீங்க உடுத்துற சாரத்து ரத்தக் கறையைத் தோய்க்கிறது ஆரு எண்டு நினைச்சீங்க?" எண்டாள்.

"அப்ப ஏன் கேக்கல்ல?"

"கேட்டா, கோமாரிக் கூட்டாளிட சாரம் எண்டு சொல்லியிருப்பீங்க."

பாத்தியா? அந்தக் கதையைச் சொல்லித்தானே றஸ்மிட்ட குளிசை வாங்கினன். ஊரே ஹமீட்ட சுகத்தை விசாரிச்சுக்கொண்டு இரிந்திரிக்கி. முருங்கை இலையும் ஈரலுமா அவள் ஏன் என்ட சோத்துக் கோப்பையை நிரப்பினாள் எண்டு அப்பதான் விளங்கினது. கத்தியைக் கீழ வைச்சாள். மறுகாதான் அழுதாள். "என்னைக் கட்டின நாள் தொட்டு ஊருக்கெல்லாம் கதை சொல்றீங்க, எனக்கு ஒரு உண்மையைச் சொல்ல ஏலாதா?" எண்டு ஏசினாள். ஏசட்டும்.

மறுகா ரெண்டு பேருமாக் கல்முனைக்குப் போனம். பஹ்மிட போன் கடையில ஆக்கள் நிண்டாங்க. எல்லாரும் போகும் வரைக்கும் இரிந்து, ஒரு கதையும் கட்டாமச் சொன்னன். பொடியன் கொஞ்ச நேரம் ஒரு போனைக் கழட்டிக் கழட்டிப் பூட்டினான்.

"ஒப்பரேசன் எப்ப மாமா?"

"மகன், நிக்காஹ் முடியட்டும்..."

"அப்ப நிக்காஹை முன்னுக்கு எடுப்பம். வாற வெள்ளி."

"வீடு முடியல்லயே மகன்."

"நான் வீட்டையா முடிக்கப்போறன், அப்ராவைத்தானே!"

அவன்ட உம்மா லேசில விடல்ல. வீட்டுக்கு வந்து, "இது ரத்தத்தில ஓடுற வருத்தமா?" எண்டு நேரே கேட்டா. "சில குடும்பத்தில ஓடும். எங்கட தங்கச்சி இதாலதான் மௌத்து. அப்ராவும் வயது வர வரப் பாக்க வேணும், பாத்தா முன்னுக்கே பிடிக்கலாம்" எண்டன். அவ முகத்தைத் திருப்பிட்டா. "மறைச்சிரிந்தா நான் மன்னிச்சிரிக்க மாட்டன்" எண்டு மட்டும் சொல்லிட்டு எழும்பிட்டா. அது ஓமா இல்லையா எண்டு எனக்கு வியாழக்கிழமை வரைக்கும் தெரியல்ல. வெள்ளிக்கிழமை வட்டிலப்பத்தோட வந்து நிண்டா.

உன்ட பேரை நான் எடுக்கல்ல. நீ எடு எண்டாய்தான். ஆனா அது நீ நம்பித் தந்த அமானிதம். இந்த வாயில ஊர்க் கதை எல்லாம் ஊத்தும், அது ஊத்தாது.

ஜும்ஆ முடியப் பள்ளியில நிக்காஹ். சஹன் இல்ல, பந்தல் இல்ல. பேரீச்சம்பழமும் சர்பத்தும். ஊருக்கே சோறு போடுவன் எண்டு எத்தின வரிசம் சொல்லித் திரிஞ்சவன், வந்த ஆக்களைக் கண்ணால எண்ணிப் பாத்து வெக்கப்பட்டன். ஆனா பஹ்மிட கையைப் பிடிச்சு, "என்ட மகள் அப்ராவை" எண்டு தொடங்கக்க என்ட குரல் உடையல்ல. அதைக் கட்டாயம் எழுதச் சொல்லி மாமி சொன்னாள்.

நாளையிண்டைக்கு ஆஸ்பத்திரியில நிக்கணும். செவ்வாய் ஒப்பரேசன்.

உன்ட துஆவை நம்பி,
மாமா

நிந்தவூர்
2024 ஓகஸ்ட் 25

அன்பு மருமகளுக்கு ஸலாம். வீட்டுக்கு வந்திட்டன். பின்னறையில கட்டில் போட்டிரிக்காங்க. கஞ்சி இறங்குது. நாலு எட்டு நடக்கிறன். தையல் போட்ட சேர்ஜன், இப்பிடி ஒரு வயித்தைத் தான் கண்டதில்ல எண்டார். என்ன அர்த்தத்தில சொன்னார் எண்டு நான் கேக்கல்ல.

வெட்டி எடுத்ததைச் சோதிச்சுப் பாத்தாங்க. கட்டி முழுசா வந்திட்டாம். ஆனா அதுக்குப் பக்கத்தில கிடந்த சின்ன நெறிக் கட்டிகளில ஒண்டுக்குள்ள புத்து போயிரிக்காம். அதனால ஆறு மாசம் மருந்து ஏத்தணும் எண்டுறாங்க.

இதை உனக்கு போனில சொன்னன். ஒண்டு மட்டும் கேக்கல்ல. நீயும் சொல்லல்ல. "நல்லாச் சாப்பிடுங்க மாமா" எண்டு மூண்டு தரம் சொன்னாய்.

உன்ட கண்ணாடித் துண்டு ஒவ்வொண்டும் ஒரு மனிசன்தானே. அவங்க எத்தின காலம் இரிந்தாங்க எண்டு உனக்குத் தெரியும். என்னைப் போல வந்தவங்க எத்தின பேர், எவ்வளவு காலம்? என்ட கட்டியில அந்த நொதியம் கூடவா, குறையவா? வாயால கேக்க ஏலாததாலதான் எழுதுறன். எனக்குக் கூட்டிச் சொல்லாத. குறைச்சும் சொல்லாத.

மறுமொழியைப் பார்த்திருக்கும்,
மாமா

அபர்டீன்
2024 செப்டெம்பர் 8

அன்புள்ள மாமாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

போனில் எனக்குச் சொல்ல ஏலாமல் போனது. பயந்துவிட்டேன். கேட்டீர்கள், சொல்லுகிறேன்.

உங்களைப் போல ஒரு நெறியில் மட்டும் போய், கட்டி முழுதாக வெட்டுப்பட்டு, மருந்தும் எடுத்தவர்களில், பத்துப் பேருக்கு ஏழு பேர் அளவில் ஐந்து வருடம் தாண்டியும் இருக்கிறார்கள். அதில் கன பேருக்கு அது திரும்பி வருவதே இல்லை. மற்ற மூன்று பேரை நான் உங்களிடம் மறைக்கவில்லை.

உங்கள் கட்டியில் நொதியம் கூடவா குறையவா என்று எனக்குத் தெரியாது. ஊரில் அதைப் பார்க்க மாட்டார்கள். தெரிந்தாலும் அதை வைத்து ஒரு தனி ஆளுக்கு நாள் குறிக்க ஏலாது. நூற்றுக்கணக்கான பேரை ஒன்றாகப் பார்த்தால்தான் ஏதோ ஒரு சாய்வு தெரிகிறது. ஒரு துண்டை மட்டும் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தால், அந்த ஆள் இருப்பாரா போவாரா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மரக்கறி போல நினைத்துப் பார்த்த துண்டுகளை இப்போது என்னால் அப்படிப் பார்க்க ஏலவில்லை, மாமா. போன கிழமை ஒன்றைப் பார்த்துவிட்டு வெளியே போய் நின்றேன்.

லீவு கேட்டேன், தந்துவிட்டார்கள். ஒக்டோபர் ஐந்தாம் திகதி கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்குவேன். பஹ்மியை வரச் சொன்னால் போதும். மருந்து ஏற்றின உடம்போடு அவ்வளவு தூரம் நீங்கள் வரக் கூடாது.

அதுவரை மாமியின் சொல் கேட்டு நடக்கவும்.
றுஸ்தா

நிந்தவூர்
2024 செப்டெம்பர் 22

அன்பு மருமகளுக்கு, எல்லாரும் கூடி ஸலாம் சொல்லுறம்.

ஏழு பேர் எண்டதை மாமிக்கு வாசிச்சுக் காட்டினன். மூண்டு பேர் எண்டதையும் வாசிச்சன். அவள் பக்கத்தில வந்து இரிந்தாள்.

முதல் மருந்து ஏத்தியாச்சு. நேர்ஸ் என்ட கை நரம்பைப் பாத்து, "இப்பிடி நரம்பு கல்முனையில ஆருக்கும் இல்ல" எண்டாள். சரி, நல்ல நரம்பு எண்டாள். மறுகா ரெண்டு நாள் ஓங்காளிச்சுச் சத்தி எடுத்தன், வாயில ஒண்டும் வைக்க ஏலாது, குளிர் தண்ணி பட்டா விரலுக்குள்ள ஊசி குத்தும். சிவரூபினிட்டக் கேட்டுப்போட்டன், வேனில சாஞ்சு இரிந்து வந்தா போகலாம் எண்டாள். அவள் சொல்ல முதலே நான் முடிவெடுத்திட்டன். பஹ்மி ஓட்டுவான், மாமி பின்னுக்கு, முன் சீற் எனக்கு. நீ கதவால வெளிய வரக்க உன்ட வீட்டார் அங்க நிப்பாங்க.

மறுமொழி போட வேண்டாம், அது வந்து சேர முதல் நீ வந்திடுவாய். ஒண்டு மட்டும் உனக்கு முன்கூட்டிச் சொல்லி வைக்கிறன், முகத்தைப் பாத்துச் சொல்ல வராது.

எனக்குப் பயமா இரிக்கி, மகள். இதை நான் பெருப்பிச்சு எழுதல்ல.

உன்ட மாமா,
ஸைனுலாப்தீன்